மூன்றாவது செம்பு இழை

சங்கர்,

இதை வாசலில் நின்றுகொண்டே மேலோட்டமாகப் படித்துவிட்டு மடித்துவிடாதே. எங்காவது உட்கார்ந்து கடைசி வரை படி. வண்டிக்குள் மட்டும் உட்காராதே. மீனாவையும் உட்கார விடாதே.

நீங்கள் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் இன்று புளியங்குடிச் சித்தப்பா வீட்டு விருந்துக்குப் பதினொரு மணி பஸ்ஸில் போனீர்கள். அந்தத் தெருவின் வேகத்தடைகளில் அடிவயிறு தட்டும் என்று உன் ஸ்போர்ட்ஸ் காரை வாசலிலேயே விட்டுவிட்டாய். இந்த ஜன்னலில் இருந்து பார்த்தால் அதன் முதுகு மட்டும் தெரிகிறது. எலுமிச்சம்பழ மஞ்சள். தெருவில் எல்லோரும் ஒரு தடவையாவது அதைத் தொட்டுப் பார்த்துவிட்டார்கள். இரண்டு பேர்தான் உட்காரலாம் என்றால் பிள்ளை பிறந்த பிறகு கூரையில் கட்டிக்கொண்டு போவானா என்று எதிர்வீட்டு அண்ணாச்சி உன் அப்பாவிடம் கேட்டார். அப்பா சிரித்தார். எனக்கும் அந்த வண்டி பிடிக்கும். பழையதாக இருந்தாலும் நீ அதைத் துடைத்து வைத்திருக்கிற விதம் பிடிக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மாவுக்கு வண்டி பிடிக்கவில்லை, அதனால் ஏதோ எழுதியிருக்கிறாள் என்று நீ நினைப்பாய். நாளைக் காலை நீங்கள் அதில் பெங்களூருக்குக் கிளம்புகிறீர்கள். அதற்குள் நான் ஒன்று சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல வேண்டுமானால், இருபது வருஷத்துக்கு முன்னால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துத்தான் சொல்ல முடியும்.

நான் பேசுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். என் அப்பா தறியில் கூலிக்கு நெய்தவர், அம்மா வீட்டில் பாவு நூல் சுற்றிக் கொடுத்தவள். நான் தினமும் பஸ்ஸில் திருநெல்வேலி போய் இயற்பியல் படித்தேன். மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட வகுப்பில் கை தூக்கியதில்லை. விடை தெரியும். தெரிந்ததை நோட்டில் எழுதி வைப்பேன், பக்கத்தில் இருக்கிற பெண் அதைப் பார்த்து எழுந்து சொல்வாள், அவளுக்குச் சபாஷ் கிடைக்கும். எனக்கு அது வருத்தமாகக்கூட இல்லை. எழுந்து நின்றால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே, அந்தப் பார்வைக்குத்தான் பயம். அந்தப் பயம் கல்யாணத்துக்குப் பிறகும் போகவில்லை. நான் வாசலில் நின்று பார்ப்பேன். பார்த்ததை எனக்குள் வைத்துக்கொள்வேன். இதை அடக்கம் என்று உன் அத்தை ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

நேற்று மதியமும் அப்படித்தான் நின்றேன். நீ செல்போனில் ஒரு வீடியோவைப் பார்த்துப் பார்த்து வண்டிக்கு சார்ஜிங் சாக்கெட் வைத்துக்கொண்டிருந்தாய். அந்த வண்டி செய்த காலத்தில் அப்படி ஒன்று தேவைப்படவில்லை போல. வழியில் மேப் பார்க்கவும், டயருக்குக் காற்றடிக்கிற சின்ன பம்ப்பை ஓட்டவும் வேண்டும் என்றாய். நீ செய்தது முதலில் ஒழுங்காகத்தான் இருந்தது, சங்கர். பேட்டரி பின்னால் டிக்கியில் இருக்கிறது. அதில் இருந்து வயர் எடுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் வைத்து, மீனாவின் சீட்டுக்குக் கீழே கார்பெட்டுக்கு அடியில் வயரைக் கொண்டுவந்து, கியருக்குப் பக்கத்தில் சாக்கெட்டைப் பொருத்தினாய். ஃபியூஸைப் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்ததைப் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. ஏதாவது தப்பு நடந்தால் முதலில் எரிந்து, மற்றதை எரிய விடாமல் காப்பாற்றுகிற பொருள் அது. உனக்கு அது தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

பிறகு பம்ப்பை மாட்டினாய். அது ஓடியது. முன் டயருக்குக் காற்று ஏறிக்கொண்டிருந்தது. நீயும் அப்பாவும் டயரையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். நான் மீனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சீட்டில் உட்கார்ந்து, முன் கண்ணாடி வழியாக ரோடு சரியாகத் தெரியவில்லை என்று சீட்டை முன்னால் இழுத்தாள். சீட் ‘டக்’கென்று நகர்ந்தது. அதே நொடியில் பம்ப் நின்றது. அவளும் உடனே பயந்துபோய், நான்தான் சீட்டை நகர்த்தி ஏதோ பண்ணிவிட்டேனோ என்று கேட்டுக்கொண்டே அதைப் பழையபடி பின்னால் தள்ளிவிட்டு இறங்கிவிட்டாள். நீ சிரித்தாய். அவள் ஒன்றும் பண்ணவில்லை, பம்ப் அதிகமாகக் கரண்ட் இழுக்கிறது, ஃபியூஸ் போய்விட்டது என்றாய். உன்னிடம் வேறு ஃபியூஸ் இல்லை. அப்போது அப்பா உள்ளே போய் ஒரு பழைய ஸ்பீக்கர் வயரை எடுத்து வந்தார். பல்லால் உரித்தார். அதில் இருந்து மூன்று செம்பு இழைகளை வெட்டினார்.

“இந்தா, இத அது கால்ல சுத்தி மாட்டு. ஒண்ணும் ஆவாதுல.”

எரிந்துபோன ஃபியூஸின் இரண்டு கால்களிலும் நீ அவற்றில் ஒன்றை நாலைந்து சுற்றாகச் சுற்றி மாட்டினாய். பம்ப் மறுபடி ஓடியது. நான் கையில் உங்களுக்கான காப்பியை வைத்துக்கொண்டு நின்றேன். காப்பி ஆறிப்போனது. ‘ஒண்ணும் ஆவாது’ என்ற அந்தச் சொல்லை, அதே குரலில், அதே வாயில் இருந்து நான் இரண்டாவது தடவை கேட்கிறேன்.

முதல் தடவை கேட்டபோது உனக்கு நாலு வயசு. அப்பா அப்போது வேன் வைத்திருந்தார். இங்கே இருந்து சேலைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ராஜபாளையம் வரை போவார். கோமதி அம்மன் கோவில் ஆடித்தபசுத் திருவிழா வரப்போகிறது என்று வேனுக்குப் புது ஹாரனும் நாலு கலர் விளக்கும் மாட்டினார். அன்றில் இருந்து ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது. ஒருநாள் காலையில் அவருடைய கூட்டாளிகள் மூன்று பேர் வேனைச் சுற்றி நிற்கும்போது என்னைக் கூப்பிட்டு, ஒரு செம்பு இழை இருந்தால் கொண்டுவா என்றார். பழைய இஸ்திரிப்பெட்டியின் வயரைப் பிரித்து, இழையை உரித்துக் கொடுத்தது நான். அதை எதற்குக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அந்த இழை சீக்கிரம் எரியாது, அது எரிவதற்குள் வயர் எரியும் என்பதும் தெரியும். பரீட்சையில் கணக்குப் போட்டே எழுதியிருக்கிறேன். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். என்னை மைனி என்று கூப்பிடுகிற கூட்டாளி ஒருவர் அப்பாவிடம், “மைனி பிசிக்ஸ்லா படிச்சிருக்காவ. கேட்டுப் பாரும் அண்ணாச்சி, சரியா வருமான்னு,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நானும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

“ஒண்ணும் ஆவாது,” என்று அப்பா சொல்வது சமையலறை வரை கேட்டது.

நீ அதற்குள் குளித்து, நீலச் சட்டை போட்டுக்கொண்டு வேனின் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாய். அன்றைக்கு உன்னை ராஜபாளையம் கூட்டிப் போவதாக அப்பா சொல்லியிருந்தார். நான் ஓடிவந்து உன் நெற்றியைத் தொட்டு, இவனுக்குக் காய்ச்சல் அடிக்கிறது என்று சொல்லித் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். நீ என் தோளைக் கடித்தாய். உன் உடம்பில் துளிச் சூடு இல்லை, குளித்த ஈரத்தோடு சில்லென்று இருந்தது. உனக்குக் காய்ச்சல் இல்லை.

வாசுதேவநல்லூரைத் தாண்டி வேன் தீப்பிடித்தது. முன்பக்கத்துக்குள் இருந்து புகை வந்து, அப்பா நிறுத்துவதற்குள் தீ வந்துவிட்டது. நீ ஏறி உட்கார்ந்திருந்த அந்த முன்சீட்தான் முதலில் எரிந்தது என்று பிறகு சொன்னார்கள். கதவைத் திறக்கப் போராடியதில் அப்பாவின் இடது கை கருகி விளங்காமல் போனது. இன்றைக்கும் அவரால் ஒரு கையால் சட்டைப் பொத்தான் போட முடியாது. பெட்ரோல் கசிந்துவிட்டது என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். ஆஸ்பத்திரியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னார். நான் தலையாட்டினேன். அன்றில் இருந்து நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் மற்றவர்கள் பேசினார்கள். உன்னை நான் வேனில் இருந்து இறக்கியதை உன் அத்தை பார்த்திருக்கிறாள். கோமதி அம்மன்தான் என் வாயில் வந்து காய்ச்சல் என்று சொன்னாள் என்றாள் அவள். தெரு முழுக்க அது பரவியது. கோவிலில் எனக்கு மாலை போட்டார்கள். புது வண்டி வாங்கினால் என்னைத்தான் முதலில் தொடச் சொல்வார்கள், ஊருக்குப் போகிறவர்கள் என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்பதைவிட அருள் உள்ளவள் என்பது கேட்க நன்றாக இருந்தது. நீயும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாய். உன் கல்யாணத்துக்கு மறுநாள் மீனாவிடம் அந்தக் கதையைச் சொல்லி, எங்கம்மாவுக்கு முன்கூட்டியே தெரியும் என்று என் தோளில் கை போட்டாய். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. பிறகு சமையலறையில் தனியாக வந்து, “அத்தை, எங்களுக்கும் அப்படி ஏதாவது தோணுச்சுன்னா மறைக்காம சொல்லிருங்க,” என்றாள்.

எனக்கு எதுவும் தோன்றவில்லை, சங்கர். அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. நான் பார்த்தேன், அவ்வளவுதான். பார்த்ததைச் சொல்லாமல், உன்னை மட்டும் இறக்கிக்கொண்டேன். உன் அப்பாவை இறக்கவில்லை. வண்டியில் இருந்து பிள்ளையைத் தூக்குகிற அளவுக்குப் பயம் இருந்தது. நாலு பேர் முன்னால் வாயைத் திறப்பதற்கு அதைவிடப் பெரிய பயம் இருந்தது. இருபது வருஷமாக ஒவ்வொரு நாளும் அவருக்குப் பொத்தான் போட்டுவிடும்போது இது எனக்கு ஞாபகம் வரும்.

நேற்றில் இருந்து நான் இன்னொரு பொய்யையும் யோசித்துப் பார்த்தேன். கெட்ட கனவு கண்டேன், நாளைக்குக் கிளம்ப வேண்டாம், ரயிலில் போங்கள் என்று சொன்னால் போதும். யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். உன் அத்தை உடனே கோவிலுக்கு ஓடுவாள். ஆனால் நீ அடுத்த வாரமோ அடுத்த மாதமோ வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போவாய். ஓசூர் ரோட்டில் மீனா சீட்டை முன்னால் இழுப்பாள்.

இன்று நீங்கள் போன பிறகு, அப்பா சாப்பிட்டுப் படுத்ததும், காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் இருந்து சாவியை எடுத்துக்கொண்டு போனேன். நடு மத்தியானம், தெருவில் ஆள் இல்லை. முதலில் டிக்கியைத் திறந்து ஃபியூஸைப் பிடுங்கினேன். அதற்குப் பிறகுதான் சீட்டைத் தொட்டேன். சீட்டை முன்னால் தள்ளி, மண்டியிட்டு, கார்பெட்டைத் தூக்கிப் பார்த்தேன். நான் நினைத்த இடத்திலேயே இருந்தது. சீட் ஓடுகிற இரும்புத் தண்டவாளத்துக்குக் குறுக்கே உன் வயர் போகிறது. சீட் முன்னால் வரும்போது அதன் கால் வயரை நசுக்குகிறது. வயரின் சிவப்புத் தோல் ஒரு அரிசி அளவுக்குப் பிய்ந்து, உள்ளே செம்பு தெரிகிறது. தண்டவாளத்தில் அதற்கு நேராக ஒரு கறுப்புப் பொட்டு. வண்டியின் இரும்பு உடம்பு முழுக்கப் பேட்டரியின் இன்னொரு முனைதான். அந்தச் செம்பு அதில் பட்டதும் இருக்கிற கரண்ட் எல்லாம் ஒரே பாய்ச்சலாகப் பாயும். நேற்று அதைத் தடுத்தது உன் ஃபியூஸ். பம்ப்பின் மேல் தப்பே இல்லை. ஃபியூஸ் தன் வேலையைச் செய்துவிட்டுத்தான் செத்தது. அதன் இடத்தில் நீங்கள் இழையை வைத்தீர்கள். அடுத்த தடவை சீட் முன்னால் வரும்போது எதுவும் அறுந்து நிற்காது. வயர் முழுவதும் பழுக்கக் காயும், கார்பெட்டுக்கு அடியில், அவளுக்கு அடியில். வண்டி ஓடிக்கொண்டிருக்கும். கண்ணாடி ஏற்றியிருக்கும்.

கார்பெட்டைப் பிடித்தபடி நான் அங்கேயே உட்கார்ந்திருந்தபோது பின்னால் நிழல் விழுந்தது. அப்பா.

“என்னட்டி பண்ணுத?”

கையை விரித்துக் காட்டினேன். இழை சுற்றிய ஃபியூஸ் அதில் இருந்தது. பிறகு, எங்கே இருந்து வந்ததென்று தெரியவில்லை, என் குரல் வந்தது. “பம்ப்பு இழுக்கல. சீட்டு வயரக் கடிச்சிருக்கு. பாருங்க,” என்றேன். அவர் குனிந்தார். அந்தப் பிய்ந்த இடத்தில் வலது கை விரலை வைத்துப் பார்த்தார். விரலை ரொம்ப நேரம் அங்கிருந்து எடுக்கவே இல்லை. எழுந்தபோது அவர் முகம் ஆஸ்பத்திரியில் இருந்த முகமாக இருந்தது.

“அவன்ட்ட வயர மட்டும் சொல்லு,” என்றார். “வேனச் சொல்லாத.”

“ரெண்டும் ஒண்ணுதான.”

“நீதான உரிச்சுக் குடுத்த.”

“ஆமா. அதையுந்தான் சொல்லப் போறேன்.”

அவர் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாட்டினார். பொத்தான் போடச் சொல்லி என்னைக் கூப்பிடவில்லை. திறந்த சட்டையோடு தெருமுனைப் பக்கம் நடந்து போனார், இன்னும் வரவில்லை. அவர் மேல் உனக்குக் கோபம் வந்தால், அதில் பாதியை என் பக்கம் திருப்பு. அவர் தெரியாமல் செய்தார். நான் தெரிந்தே நின்றேன். வேன் எதனால் தீப்பிடித்தது என்று அவர் இத்தனை வருஷம் தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை, அதனால்தான் நேற்று அவரால் அதே இழையை உனக்கும் நீட்ட முடிந்தது. நான் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் தலையாட்டாமல் இருந்திருந்தால் நேற்று அந்த ஸ்பீக்கர் வயர் வெளியே வந்திருக்காது.

வயரைப் பற்றிச் சொல்கிறேன், கேள். டேப் சுற்றினால் போதாது. அந்த வயரை முழுசாக உருவி எறிந்துவிட்டுப் புதிது வாங்கு. சீட்டுக்குக் கீழே கொண்டுபோகாதே, கதவோரமாகக் கொண்டுபோ. இரும்பில் துளை வழியாகப் போகிற இடத்தில் ரப்பர் வளையம் போடு, வயருக்குக் குழாய் உறை மாட்டு. இரண்டு சீட்டையும் கடைசி வரை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்த பிறகு ஃபியூஸைப் போடு. எந்த அளவு ஃபியூஸ் போட்டிருந்தாயோ அதே அளவு. நாலு உபரியாக வாங்கி வைத்துக்கொள். மறுபடி ஃபியூஸ் போனால், அதைத் திட்டாதே, அது எதையோ பார்த்திருக்கிறது. என்ன பார்த்தது என்று தேடு.

மீனாவைப் பற்றியும் ஒன்று. அவள் கலகலவென்று பேசுகிறவள் மாதிரி தெரிகிறாள், ஆனால் நேற்று நீ சிரித்ததும் வாயை மூடிக்கொண்டாள். சீட்டை நகர்த்தியதும் பம்ப் நின்றது என்று அவளுக்குத்தான் முதலில் தெரிந்தது. சொல்லவும் செய்தாள். நீ கேட்கவில்லை. அவளும் கதவோரம் நின்று பார்க்கிறவளாக மாறிவிட ரொம்ப நாள் ஆகாது, ஒரு சிரிப்பு போதும். உன் வீட்டில் யாராவது காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பேசாமல் நின்றால், திரும்பிப் பார்த்து, நீ என்ன பார்த்தாய் என்று கேள். பதில் வரும் வரைக்கும் கேள்.

இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. நீ படித்து முடித்ததும் இதையெல்லாம் மீனா முன்னாலும், அப்பா வந்துவிட்டால் அவர் முன்னாலும் வாயால் சொல்வேன். உன் அத்தையையும் கூப்பிடு. என் குரல் நடுங்கும். பரவாயில்லை, நடுவில் நிறுத்தினால் நீ காத்திரு.

கடைசியாக இந்த இழைகள். நேற்று அப்பா வெட்டியது மூன்று. நான் எண்ணிக்கொண்டுதான் நின்றேன். ஃபியூஸில் சுற்றியிருந்ததை இந்தத் தாளின் கீழே டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். இரண்டாவது, வண்டியின் முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற சின்னப் பெட்டிக்குள் தீக்குச்சியில் சுற்றி இருந்தது. அதுவும் பக்கத்திலேயே இருக்கிறது. மூன்றாவதை வண்டி முழுக்கத் தேடிவிட்டேன், கார்பெட்டை உதறிவிட்டேன், உன் பழைய சட்டைகளையும் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை. வழியில் தேவைப்படும், ஒன்றைப் பையில் போட்டுக்கொள் என்று அப்பா சொன்னதும், நீ பர்ஸைத் திறந்ததும் இப்போது ஞாபகம் வருகிறது.

வண்டிச் சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். புளியங்குடி பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டது. நான் வாசலில்தான் நிற்பேன். மூன்றாவதை என் கையில் கொடுத்துவிட்டு, சாவியைக் கேள்.

அம்மா